மணக்காத மெழுகுவர்த்தி

விருதுநகர் மாவட்டத்துக்கு மெழுகு புதிய பொருளன்று. 1922-ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய திரு. அய்ய நாடார், திரு. சண்முக நாடார் ஆகிய இருவரும் 1923-இல் அத்தொழிலை இவ்வட்டாரத்தில் வேரூன்றச் செய்தனர். தீக்குச்சியின் நுனியை மருந்தில் தோய்ப்பதற்கு முன்பு உருகிய பாரபின் மெழுகில் நனைப்பது வழக்கம். மருந்து ஒரு கணம் சீறி எரிந்து அணைந்துவிடும். அந்தத் தீயை மரக்குச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மெழுகுதான். தீப்பெட்டி ‘ஆபீசில்’ வேலை பார்த்த தாய்மார் அனைவரும் மெழுகைக் கண்ணால் கண்டவர்களே.

ஆதலின் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு மெழுகுவர்த்தித் தொழில் எளிதாகக் கைவந்துவிடும் என்று எண்ணுவது இயல்பு. சாதாரண வெள்ளை வர்த்தியைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆனால் வெள்ளை வர்த்தியில் கிடைக்கும் இலாபம் சொற்பம். மணமூட்டிய வர்த்திக்கோ நகரங்களில் நல்ல விலை கிடைக்கிறது. அவ்விலையைக் கருதித் தைலம் வாங்கிக் கலக்கத் தொடங்கியவுடன் தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டுகின்றன. வர்த்தி மணப்பதில்லை, அல்லது பெட்டியில் இருக்கும்போது மணந்து, ஏற்றியதும் மணமற்றுப் போகிறது, மேலே எண்ணெய் வியர்க்கிறது, புகைகிறது, பழுப்பேறுகிறது. கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்புகிறார். குழுவோ வங்கிக் கடனுக்கு மாதத் தவணை கட்டியாக வேண்டும். இந்நிலையில் பெரும்பாலோர் செய்வது ஒன்றே: “தைலம் போதவில்லை” என்று முடிவுகட்டி, அடுத்த முறை இரு மடங்காக ஊற்றுகின்றனர். தொழிலில் மிகவும் விலையுயர்ந்த பொருள் தைலமே. அதைக் கூட்டக் கூட்ட நட்டமும் கூடுகிறது, தொல்லையும் கூடுகிறது. நாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்புவது இதனையே: குற்றம் பெரும்பாலும் தைலத்தின் அளவுக் குறைவில் இல்லை; மெழுகிலும், சூட்டிலும், திரியிலும், பொறுமையின்மையிலுமே இருக்கிறது.

இதனை விளங்கிக்கொள்ள வர்த்தி எவ்வாறு மணக்கிறது என்பதை அறிதல் வேண்டும். திரியை ஏற்றியதும் அதன் வெப்பத்தால் சுற்றியுள்ள மெழுகு உருகிச் சிறு குளமாகத் தேங்குகிறது. அக்குளத்திலிருந்து மெழுகு திரியின் வழியே ஏறி, ஆவியாகி எரிகிறது. மெழுகுடன் சேர்ந்து திரியில் ஏறும் தைலம் சுடரில் எரிந்து போய்விடும்; அதனால் மணம் இல்லை. அறையில் பரவும் மணத்தின் பெரும்பகுதி, வெதுவெதுப்பான அக்குளத்தின் பரப்பிலிருந்து ஆவியாகி எழுவதே. ஆகவே குளம் அகலமாகவும் சீராகவும் அமையாத வர்த்தியில் எவ்வளவு தைலம் ஊற்றினும் பயனில்லை.

எந்தத் தைலம்?

முதலில், மெழுகில் கரையும் தைலமா என்று பார்க்க வேண்டும். பன்னீரை மெழுகில் ஊற்றினால் நீர் தனியே பிரிந்து அடியில் தங்கும். வர்த்தி எரியும்போது படபடவென்று வெடித்துத் தெறிக்கும். உடைக்குத் தெளிக்கும் ‘சென்ட்’ பெரும்பாலும் சாராயம் கலந்தது. சூடான மெழுகில் பட்டதும் சாராயம் ஆவியாகி மணத்தையும் உடன் கொண்டுபோகும். அந்த ஆவி அடுப்பை எட்டினால் தீப்பற்றும். ஜவ்வாது, சாம்பிராணித்தூள், ஊதுவத்தி மாவு போன்ற தூள்கள் கரையமாட்டா. திரியின் நுண்ணிய வழிகளை அடைத்துச் சுடரைக் குன்றச் செய்யும். கற்பூரத்தைச் சேர்ப்பதும் வேண்டாம். அது தன் போக்கில் ஆவியாகிக் குறைவதோடு, பெருஞ்சுடரும் கரும்புகையும் தரும்.

விருதுநகர் எண்ணெய் வாணிகத்துக்குப் பேர்போன ஊர். அதனாலோ என்னவோ, மல்லிகைப் பூவை நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ ஊறவைத்து அதையே மெழுகில் கலக்கலாம் என்ற எண்ணம் பலருக்கு எழுகிறது. கூந்தலுக்கு அது நன்று. வர்த்திக்கு ஆகாது. அவ்வெண்ணெயில் மணப்பொருள் மிகச் சிறிதளவே இறங்கியிருக்கும். எஞ்சியது முழுவதும் சமையலெண்ணெய். அது மெழுகை இளக்கி, திரியை மந்தமாக்கி, சில நாட்களில் சிக்கு வாடையும் அடிக்கத் தொடங்கும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூ நம் பக்கத்து நிலத்தில் விளைகிறது. எனினும் உண்மையான மல்லிகைச் சாறு வடித்தெடுக்கக் குவியல் குவியலாகப் பூ வேண்டும். அதன் விலை வர்த்திக்குக் கட்டுப்படியாகாது. கடையில் ‘மல்லிகை’ என்று குப்பியில் விற்பது பெரும்பாலும் இரசாயன முறையில் கூட்டிய நறுமணக் கலவையே. அதில் தவறொன்றும் இல்லை. வர்த்திக்கென்றே தயாரிக்கப்பட்டதா, நூற்றுக்கு எத்தனை பங்கு வரை கலக்கலாம், தீப்பற்று வெப்பநிலை என்ன என்று விற்பவரிடம் கேட்டு, அதற்குரிய பாதுகாப்புத் தகவல் தாளையும் வாங்கிக்கொள்ள வேண்டும். தாள் தர மறுப்பவரிடம் தைலம் வாங்காதிருப்பதே நலம்.

நிலத்தில் எலுமிச்சைப்புல்லோ வெட்டிவேரோ பயிரிடும் விவசாயிகள் அவற்றிலிருந்து வடித்த எண்ணெயை வர்த்திக்குப் பயன்படுத்திப் பார்க்கலாம். எலுமிச்சைப்புல் எண்ணெய் விரைவாக ஆவியாகி முன்னே வந்து நிற்கும். வெட்டிவேர் எண்ணெய் கனமானது, மெல்லவே எழும். இரண்டையும் கலந்து பார்ப்பவர் தனித்தனியே பயன்படுத்துபவரைவிட நல்ல பலன் காணக்கூடும்.

நிறுத்துப் போடுக

தைலத்தை மூடிக் கணக்கிலும் கரண்டிக் கணக்கிலும் ஊற்றுவது முதற் பிழை. ஒரு தைலம் கனமாகவும் மற்றொன்று இலேசாகவும் இருப்பதால் ஒரே மூடி ஒரே எடை ஆகாது. மெழுகையும் தைலத்தையும் தராசில் நிறுத்தே சேர்க்க வேண்டும். பாரபின் மெழுகு 100 கிராமுக்கு 3 கிராம் தைலத்தில் தொடங்கி, 5, 6 கிராம் வரை சென்று பார்த்தால் பெரும்பாலான தைலங்களுக்குப் போதும். சில மெழுகு வகைகள் 10 கிராம் வரை ஏற்கும் என்று விற்பவர் சொல்வதுண்டு. ஏற்கும் என்பது வேறு, வேண்டும் என்பது வேறு. 10 கிலோ மெழுகில் நூற்றுக்கு 10 பங்குக்குப் பதிலாக 6 பங்கு போட்டால் 400 கிராம் தைலம் மிஞ்சுகிறது. குழுவின் கணக்கில் இது சிறு தொகையன்று.

சூட்டைப் பற்றியும் இவ்வாறே. உஷ்ணமானி இல்லாமல் மணமூட்டிய வர்த்தி செய்ய முயல்வது, படியில்லாமல் நெல் அளப்பதை ஒக்கும். மெழுகு முழுவதும் உருகி 75 முதல் 85 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறியபின் அடுப்பிலிருந்து இறக்கித் தைலத்தை ஊற்ற வேண்டும். ஊற்றியபின் இரண்டு நிமிடங்களேனும் நிதானமாகக் கிளற வேண்டும். மெழுகு உறையத் தொடங்கும் நேரத்தில் ஊற்றினால் தைலம் ஒன்றாகக் கலவாமல் முத்து முத்தாகத் தங்கும். அவ்வர்த்தி ஓரிடத்தில் மணக்கும், மற்றோரிடத்தில் மணக்காது. தைலம் ஊற்றிய மெழுகை மீண்டும் அடுப்பில் வைத்து நெடுநேரம் கொதிப்பேற்றினாலோ இலேசான மணப்பொருள்கள் யாவும் கொட்டகைக்குள்ளேயே பறந்துவிடும். வேலை செய்யும் இடம் ‘கமகம’ என்று மணந்தால் மகிழ வேண்டியதில்லை. விற்க வேண்டிய மணமே அவ்வாறு வெளியேறுகிறது.

வர்த்தி வியர்ப்பது ஏன்?

இத்தொல்லை நம் வட்டாரத்துக்கென்றே ஒரு தனிக் காரணம் கொண்டது. சிவகாசி, சாத்தூர்ப் பக்கங்களில் தீக்குச்சிக்கான மெழுகு எளிதாகக் கிடைக்கிறது; விலையும் சற்று மலிவு. தீக்குச்சிக்கு வேண்டியது குச்சியில் எளிதாக ஊறும் மெழுகு. ஆகவே அது மென்மையாகவும் எண்ணெய்ப்பசை மிகுந்ததாகவும் இருப்பதுண்டு. அதையே வாங்கி வர்த்திக்கு உருக்கினால், ஏற்கெனவே எண்ணெய் தாங்கி நிற்கும் மெழுகு புதிய தைலத்தை எங்ஙனம் தாங்கும்? உறைந்த சில நாட்களில் தைலம் துளித்துளியாக மேலே கசிகிறது. மெழுகு வாங்கும்போது நன்கு சுத்திகரிக்கப்பட்டதா, உருகுநிலை 58 முதல் 60 டிகிரியேனும் உள்ளதா என்று கேட்டு வாங்குக. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுவதும், தாளில் வைத்தால் எண்ணெய்க் கறை படிவதும் ஆகாத மெழுகின் அடையாளங்கள்.

இரண்டாவது காரணம் வெயில். நம் மாவட்டத்தில் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது புதுமையன்று. தகரக் கூரையின் கீழே அதனினும் மிகுந்த சூடு தேங்கும். தைலம் சேர்ந்த மெழுகு வெறும் மெழுகைவிட இளகியது என்பதை நினைவில் வைக்க வேண்டும். கத்திரி வெயிலில் வளையும் வர்த்தி வியர்க்கவும் செய்யும். கிலோவுக்கு 50 முதல் 100 கிராம் வரை ஸ்டியரிக் அமிலம் சேர்த்தால் பாரபின் மெழுகு கெட்டிப்படும். (கொழுப்பைப் பிரித்து ஸ்டியரிக் அமில வர்த்தி செய்யும் முறைக்குப் பிரெஞ்சு இரசாயன அறிஞர் செவ்ரல், கே-லூசாக்குடன் சேர்ந்து 1825-இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன்பு ஏழைகள் ஏற்றிய விலங்குக் கொழுப்பு வர்த்தி நறுமணம் வீசுவதற்குப் பதிலாக நாற்றமே வீசிற்று!) இவ்வமிலம் சேர்க்கும் மெழுகைச் செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் உருக்கலாகாது, பச்சை பூக்கும். எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது.

வியர்த்த வர்த்தியைக் குப்பையில் எறிந்துவிட வேண்டாம். கிலோ மெழுகுக்கு 120 கிராம் தைலம் ஊற்றிக் கெட்டுப்போன சரக்காயின், மேலே கசிந்ததைத் துணியால் துடைத்து, திரியை உருவி, அவற்றுடன் இன்னொரு கிலோ வெறும் மெழுகைச் சேர்த்து உருக்குக. தைலம் நூற்றுக்கு 6 பங்காக இறங்கிவிடும். உருக்கும்போது சிறிது மணம் குறையும். ஆயினும் முதல் காப்பாற்றப்படும். துடைத்த துணியை அடுப்பருகில் போடாதீர்கள்.

திரியும் மூக்கும்

பெட்டியில் மணந்து, ஏற்றியதும் மணமற்றுப் போகும் வர்த்தியில் பெரும்பாலும் திரியே குற்றவாளி. கோயில் விளக்குக்குத் திரிக்கும் பஞ்சுத்திரி மெழுகுவர்த்திக்குப் பொருந்தாது. பின்னலிட்ட பருத்தித் திரியே வேண்டும். அது எரியும்போது தலை சாய்ந்து சுடரின் ஓரத்தில் தானே கருகி உதிரும். திரி மெல்லியதாயின் குளம் சுருங்கி, நடுவில் கிணறு தோண்டியது போலக் குழி விழும். திரி பருத்ததாயின் சுடர் நெடிதாகி, கரி கக்கி, தைலத்தையும் எரித்துவிடும். தைலம் அளவுக்கு மிஞ்சினாலும் திரி அடைபட்டுச் சுடர் சிறுத்துப் போகும். மணம் குறைந்ததென்று தைலத்தைக் கூட்டியவர் மணத்தை மேலும் குறைத்துக்கொள்வது இவ்வாறுதான்.

சரியான திரியை ஊகத்தால் அறிய இயலாது. ஒரே மெழுகு, ஒரே தைலம், ஒரே அச்சு ஆகியவற்றைக் கொண்டு மூன்று பருமனில் திரியிட்டு மூன்று வர்த்திகள் செய்க. திரியை கால் அங்குலத்துக்குக் கத்தரித்து, காற்றடிக்காத அறையில் ஏற்றுக. வர்த்தியின் குறுக்களவு ஓர் அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில், கண்ணாடிக் குவளையில் வார்த்த வர்த்தியில் குளம் ஓரத்தை ஏறத்தாழ எட்ட வேண்டும். எட்டுகிற திரியே அவ்வர்த்திக்குரிய திரி. தைலத்தை மாற்றினால் இச்சோதனையை மறுபடியும் செய்ய வேண்டும். ரோஜாவுக்கு ஒத்துவந்த திரி சந்தனத்துக்கு ஒத்துவரும் என்பது உறுதியில்லை. ஒரு முறையில் ஒன்றை மட்டுமே மாற்றுக. மெழுகையும் திரியையும் தைலத்தையும் ஒருசேர மாற்றிவிட்டு, எதனால் கெட்டது என்று தேடுவது வீண். நாள், எடை, ஊற்றிய சூடு, திரியின் எண் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கும் குழு மூன்று மாதங்களில் பெறும் அறிவை, எழுதாத குழு மூன்று ஆண்டுகளிலும் பெறுவதில்லை.

சோதனையில் மற்றொரு வேடிக்கையும் உண்டு. நாள் முழுவதும் தைலத்துடன் பழகியவரின் மூக்கு மரத்துப்போய்விடும். “மணமே இல்லை” என்று அவர் சொல்லும் வர்த்தியை, வெளியிலிருந்து வரும் பக்கத்து வீட்டுப் பாட்டி வாசற்படியிலேயே கண்டுகொள்வார். ஆகையால் வர்த்தி செய்தவர் மணத்துக்குத் தீர்ப்பு வழங்கலாகாது. சற்று நேரம் எரியவிட்டு, வெளியில் இருந்தவரை அழைத்துக் கேட்பதே முறை. வார்த்த அன்றே சோதிப்பதும் பிழை. பாரபின் வர்த்தியை மூன்று நான்கு நாட்களும், சோயா மெழுகில் செய்ததை இரண்டு வாரமும் மூடிவைத்தபின் ஏற்றிப் பார்க்க வேண்டும். கார்த்திகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் சரக்கு அனுப்புவோர் இக்கால அளவையும் சேர்த்தே நாள் குறிக்க வேண்டும்.

பழுப்பேறுதல் பற்றிச் சிறிதே சொல்லலாம். வெனிலா மணம் தரும் வெனிலின் என்னும் பொருள் நாளடைவில் மெழுகைப் பழுப்பாக்கும். அதைத் தடுக்க முயல்வதைவிட, அத்தகைய தைலத்தைக் காப்பி நிறம் போன்ற அடர்ந்த வண்ணங்களில் மட்டும் பயன்படுத்துவது எளிது. வெயில் படும் அலமாரியில் எந்த வண்ணமும் வெளிறும்.

தீ

இனி ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியது. தைலக் குப்பியில் குறித்திருக்கும் தீப்பற்று வெப்பநிலையைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். அந்தச் சூட்டில் தைலம் தானே பற்றிக்கொள்ளும் என்பது அதன் பொருளன்று. அந்தச் சூட்டில் எழும் ஆவி அருகில் நெருப்பு இருந்தால் பற்றும் என்பதே பொருள். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோல் எண்ணெய்கள், யூகலிப்டஸ் எண்ணெய் ஆகியவற்றுக்கு இது ஏறத்தாழ 50 டிகிரி மட்டுமே. 80 டிகிரி மெழுகில் அவற்றை ஊற்றும்போது ஆவி எழுந்தே தீரும். ஆகவே அடுப்பை அணைத்து, பாத்திரத்தை அப்பால் கொண்டுபோன பின்னரே தைலக் குப்பியைத் திறக்க வேண்டும். மெழுகை நேரே தீயில் வைக்காமல், நீர் கொதிக்கும் பெரிய பாத்திரத்துக்குள் சிறிய பாத்திரத்தை வைத்து உருக்குக; நீர் உள்ளவரை சூடு 100 டிகிரிக்கு மேல் செல்லாது. நீர் வற்றாமல் பார்த்துக்கொள்வது ஒருவரின் தனிப் பொறுப்பாக இருக்கட்டும்.

இவ்வட்டாரத்து மக்கள் தீயைக் கண்டால் வாளித் தண்ணீரைத் தேடுவர். எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றினால், அது கணத்தில் நீராவியாகி எரியும் மெழுகைக் கூரை வரை வீசியெறியும். பாத்திரத்தின் மூடியை ஓரத்திலிருந்து தள்ளி மூடுவதும், மூடி இல்லையேல் உலர்ந்த மணலைப் போடுவதுமே வழி. மூடி எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும்.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த பட்டாசு ஆலை விபத்தில் நாற்பது பேரளவில் உயிரிழந்ததை நம் மாவட்டம் மறந்திருக்க முடியாது. வெடிமருந்தைக் கையாளும் இடங்கள் 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்கும் 2008-ஆம் ஆண்டின் விதிகளுக்கும் உட்பட்டவை. அவ்வளாகத்தில் திறந்த நெருப்புக்கு இடமே இல்லை. ஆயினும் ஒரே தெருவில் ஒரு வீட்டில் மெழுகு உருக்க, அடுத்த வீட்டில் பட்டாசுக்குரிய காகிதக் குழாய் சுருட்டுவதும், சட்டத்துக்குப் புறம்பாக எங்கேனும் திரியோ மருந்தோ பதுக்கப்பட்டிருப்பதும் இயலாதவை அல்ல. மெழுகுவர்த்திக் குழு ஒன்று இடம் கேட்டு வரும்போது, அண்டை வீடுகளில் என்ன வேலை நடைபெறுகிறது என்பதை உறுப்பினர் நேரில் சென்று பார்த்து அறிய வேண்டும். உருக்கும் கொட்டகை தனித்து நிற்க வேண்டும். இரு பக்கமும் வாசல் வேண்டும். தரை மண்ணாகவோ சிமெண்டாகவோ இருத்தல் வேண்டும். வைக்கோற்படப்பும் காகிதக் கட்டும் அருகில் ஆகா. பட்டாசு ஆலையில் பகல் வேலை முடித்து வரும் பெண்கள் மாலையில் வர்த்தி வேலைக்கு வருவதுண்டு. மருந்துத்தூள் படிந்த சேலையுடன் அவர்களை அடுப்பருகில் விடாமல், குளித்து உடை மாற்றிவரச் செய்வது குழுத்தலைவியின் கடமை.

தைலக் குப்பிகளைக் கண்ணாடியிலோ அலுமினியத்திலோ, நிழலில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். சில தைலங்கள் மலிவான பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். தோலில் பட்டால் எரிச்சல் தரும் தைலங்களும் உண்டு. கையுறை அணிந்தே நிறுக்க வேண்டும். குப்பியின்மேல் தைலத்தின் பெயர், வாங்கிய நாள், கலக்கக்கூடிய உச்ச அளவு, தீப்பற்று வெப்பநிலை ஆகிய நான்கையும் தமிழில் எழுதி ஒட்டுக.